முதலில் பெட்டியின் பின்புறத்தைப் பாருங்கள்



கணிப்பொறிக்குப் புதிதாகத் தட்டைத் திரை ஒன்று வாங்க எண்ணியிருக்கிறோம். எதைப் பார்த்து வாங்குவது, வாங்கி வந்ததை நாமே இணைத்துக்கொள்ள இயலுமா எனக் கேட்டு இப்பகுதிக்கு மடல்கள் வந்துள்ளன. எழுதியோர் பெரும்பாலும் பெற்றோர். மேல்நிலைப் பள்ளியில் பயிலும் மகளுக்காகவோ, கல்லூரியில் வரைபடப் பாடம் பயிலும் மகனுக்காகவோ வாங்க விரும்புகிறவர்கள். இரண்டு வரிகளில் விடை கூறி முடித்துவிடலாம். ஆயினும் 2022-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் என் தங்கை வீட்டில் நடந்ததைச் சொல்லாமல் அந்த இரண்டு வரிகளை எழுத என் மனம் ஒப்பவில்லை. அந்நிகழ்ச்சியில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. அது பெருமைப்படத்தக்க பங்கு அன்று.

என் தங்கை தையல் தொழில் செய்து வருபவள். வாடிக்கைக்காரர்களின் அளவுக் குறிப்புகளையும் வரவு செலவையும் கணிப்பொறியில் பதிந்து வைப்பது அவள் வழக்கம். அவர்கள் வீட்டில் அப்போது இருந்தது 2010-இல் வாங்கிய மேசைக் கணிப்பொறி. அதன் திரையோ அதனினும் மூத்தது. கூன் விழுந்த முதுகுபோல் பின்புறம் நீண்டிருக்கும் 17 அங்குலக் கண்ணாடிக் குழாய்த் திரை. மே மாத இறுதியில் ஒரு நாள் மாலை, படம் முழுவதும் நடுவே ஒற்றைக் கோடாகச் சுருங்கி, அத்தோடு அது தன் உழைப்பை முடித்துக்கொண்டது. மகன் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு மாணவன். வரைபடப் பயிற்சிகளை வீட்டில்தான் செய்து முடிக்க வேண்டும். எனவே தங்கையின் கணவர், இளைய மகளின் பள்ளிக் கட்டணத்திற்கென ஒதுக்கி வைத்திருந்த பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, நகரத்துக் கடையொன்றில் 24 அங்குலத் தட்டைத் திரை வாங்கி வந்தார்.

பெட்டியைப் பிரித்துத் திரையை மேசைமீது நிறுத்தியபின்தான் தெரிந்தது, கணிப்பொறியின் பின்புறம் இருந்த துளைக்குப் பொருந்தும் துளை புதிய திரையில் இல்லை என்பது. மறுநாள் அவர் மீண்டும் கடைக்குச் சென்று, 'இதையும் அதையும் இணைக்க ஒரு கேபிள் கொடுங்கள்' எனக் கேட்டு வாங்கி வந்தார். அதன் இரு முனைகளும் இருபுறமும் கச்சிதமாகப் பொருந்தின. மின்சாரம் கொடுத்ததும் திரையில் சிறு விளக்கு எரிந்தது, 'சிக்னல் இல்லை' என்ற சொற்கள் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மிதந்து சென்றன, பின்னர் இருள். எத்தனை முறை முயன்றும் அதே கதை.

அதற்கு முந்திய ஞாயிறன்று அப்பையன் கணிப்பொறிப் பெட்டியைத் திறந்து, உள்ளே பன்னிரண்டு ஆண்டுகளாகப் படிந்திருந்த தூசியைத் தூரிகையால் துடைத்திருக்கிறான். தந்தைக்கு அது நினைவுக்கு வந்துவிட்டது. 'உன்னை யார் அதைத் திறக்கச் சொன்னார்கள்? உள்ளே எதையோ கெடுத்துவிட்டாய்' என்று தொடங்கிய பேச்சு, கட்டணப் பணம் போயிற்றே என்பதில் வந்து நின்றது. எனக்குச் செய்தி வந்து நான் போய்ச் சேர்ந்தபோது இரவு எட்டு மணி. பையன் திண்ணையில் அமர்ந்திருந்தான். நான் அவனிடம் 'என்ன நடந்தது?' என்று கேட்டிருக்க வேண்டும். ஆனால் கேட்டது, 'எந்தக் கம்பியைக் கழற்றினாய்?' என்பதே. 'நான் எதையும் கழற்றவில்லை, மாமா. தூசிதான் துடைத்தேன்' என்றான். அன்றிரவு அவன் உண்ணவில்லை.

தவறு எங்கே இருந்தது என்பதைப் பின்னர்ச் சொல்கிறேன். இத்திரை எத்தகையது என்பதை முதலில் அறிந்துகொண்டால் தேர்வும் இணைப்பும் எளிதாகும்.

பழைய குழாய்த் திரையில், பின்புறக் கழுத்திலிருந்து பாயும் எலெக்ட்ரான் கற்றை, முன்புறக் கண்ணாடியின் உட்பூச்சின்மீது வரிவரியாக ஓடிப் படம் எழுதியது. ஜெர்மானிய அறிஞர் கார்ல் பெர்டினாண்ட் பிரவுன் 1897-இல் அமைத்த குழாயின் வழிவந்தது அது. தட்டைத் திரையின் வரலாறு வேறு. 1888-இல் பிராகு நகரில் தாவரவியல் ஆய்வு செய்துகொண்டிருந்த பிரெடெரிக் ரெய்னிட்சர் என்பவர், கொலஸ்டிராலிலிருந்து பெற்ற ஒரு பொருளைச் சூடாக்கினார். அது 145.5 டிகிரி செல்சியசில் உருகிக் கலங்கலான நீர்மமாயிற்று, 178.5 டிகிரியில் கலங்கல் நீங்கித் தெளிந்தது. ஒரு பொருளுக்கு இரண்டு உருகுநிலைகளா என அவர் வியந்து, ஓட்டோ லேமன் என்ற இயற்பியலாளருக்கு எழுதினார். இடைப்பட்ட அந்நிலையில் பொருள் நீர்போல் ஓடினாலும் படிகம்போல் ஒளியை நடத்தியது. நீர்மப் படிகம் என்ற பெயர் இவ்வாறு பிறந்தது. எண்பது ஆண்டுகள் அது ஆய்வுக்கூட விந்தையாகவே கிடந்தது. 1968-இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தார் அதனைக்கொண்டு காட்சிப் பலகை அமைத்துக் காட்டினர்.

இன்றைய திரையில், பின்னால் வெண்ணிற விளக்கொளி எப்போதும் எரிந்துகொண்டிருக்கிறது. ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் இரு மெல்லிய தாள்களுக்கு இடையே நீர்மப் படிகம் அடைபட்டிருக்கிறது. மின்னழுத்தத்திற்கேற்ப அது ஒளியின் திசையைத் திருப்பி, எவ்வளவு ஒளி வெளியேற வேண்டும் என்பதை முடிவு செய்கிறது. கண்ணுக்குப் புலப்படாத சன்னல்கள் பல இலட்சம். ஒவ்வொன்றும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று கதவுகள் உடையது. நீங்கள் கேள்விப்படும் 1920-க்கு 1080 என்ற எண்கள் இச்சன்னல்களின் கணக்கே. பெருக்கிப் பார்த்தால் 20,73,600 புள்ளிகள். இவை அச்சில் வார்த்ததுபோல் நிலையானவை. கூட்டவோ குறைக்கவோ இயலாது. இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்துங்கள். பின்னால் என் தங்கையின் மூக்குக் கண்ணாடிக்கு இது தேவைப்படும்.

கடைகளில் 'எல்.சி.டி. வேண்டாம், எல்.ஈ.டி. வாங்குங்கள்' என்பார்கள். பெரும்பாலான எல்.ஈ.டி. திரைகளும் நீர்மப் படிகத் திரைகளே. பின்னாலுள்ள விளக்குத்தான் மாறியிருக்கிறது. முன்பு பாதரச ஆவி கொண்ட மெல்லிய குழல் விளக்கு, இப்போது எல்.ஈ.டி. விளக்கு. மாற்றம் நல்லதே. 17 அங்குலக் குழாய்த் திரை எழுபது வாட்டுக்குக் குறையாமல் மின்சாரம் உண்ணும்; 24 அங்குலப் புதிய திரைக்கு இருபது, இருபத்தைந்து வாட்டு போதும். மின்வெட்டு நேரத்தில் யு.பி.எஸ். கூடுதல் நேரம் தாங்கும் என்பதை நம் இல்லங்களில் உள்ளோர் உடனே உணர்வர்.

இனி அளவைப் பற்றி. திரையின் அளவு மூலைக்கு மூலை குறுக்காக அளக்கப்படுவது. இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். பழைய திரைகள் சதுரத்தை ஒட்டியவை, புதியவை அகலமானவை. குறுக்களவு கூடியிருப்பினும் உயரம் குறைந்துவிடக்கூடும். 17 அங்குலக் குழாய்த் திரையில் கண்ணுக்குத் தெரியும் பகுதியின் உயரம் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர். 18.5 அங்குல அகலத் திரையின் உயரமோ 23 சென்டிமீட்டர்தான். 'பெரிது' என்று வாங்கி வந்து, மடல் தட்டச்சு செய்யும்போது முன்னைவிடக் குறைவான வரிகளே தெரிகின்றனவே என வருந்துவோர் உளர். 21.5 அங்குலமாயின் 27 சென்டிமீட்டர். 24 அங்குலமாயின் 30 சென்டிமீட்டர் உயரமும் 53 சென்டிமீட்டர் அகலமும் கிடைக்கும். முன்பு அலுவலகங்களில் இருந்த 19 அங்குலச் சதுரத் தட்டைத் திரையின் உயரமும் இதே 30 தான். வாங்கப் போகுமுன் பழைய நாளிதழ்த் தாள் ஒன்றை இவ்வளவிற்கு வெட்டி, மேசைமீது சுவரில் ஒட்டிப் பாருங்கள். ஒரு கை நீளத்திற்கு அப்பால் திரை நிற்க இடமிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஒன்றரை அடி ஆழமுள்ள மேசைமீது 27 அங்குலத் திரையை வைத்து, முகத்தருகே அணைத்துக்கொண்டு பயில்வது கழுத்துக்கும் கண்ணுக்கும் துன்பம்.

திரை பெரிதாகும்போது புள்ளிகள் கூடாவிடில், ஒவ்வொரு புள்ளியும் பெரிதாகி எழுத்து முரடாகும். 1920-க்கு 1080 என்ற அதே புள்ளிகள் 21.5 அங்குலத்தில் ஓர் அங்குலத்திற்கு 102 ஆகவும், 24-இல் 92 ஆகவும், 27-இல் 82 ஆகவும் பரவுகின்றன. 27 அங்குலமே வேண்டுமெனில் 2560-க்கு 1440 புள்ளிகள் உள்ளதை வாங்குவது நன்று. படிப்பும் கணக்கும் நடைபெறும் இல்லத்திற்கு என் தேர்வு, 22 முதல் 24 அங்குலம் வரை. அதற்கு மேல் செலவிடுவதைவிட நல்ல நாற்காலி ஒன்று வாங்கலாம்.

வேறொன்றும் சொல்ல வேண்டும். 'ஏறக்குறைய இதே விலையில் 32 அங்குலத் தொலைக்காட்சி கிடைக்கிறதே, அதையே கணிப்பொறிக்கும் வைத்துக்கொண்டால் என்ன?' என்று ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். இந்த எண்ணம் பலருக்கு உண்டு. எளிய விலைத் தொலைக்காட்சிகள் பலவற்றில் 1366-க்கு 768 புள்ளிகளே இருக்கும். 32 அங்குலத்தில் அதைப் பரப்பினால் ஓர் அங்குலத்திற்கு 49 புள்ளிகள்; நான் மேலே சொன்ன 24 அங்குலத் திரையில் உள்ளதில் பாதியை ஒட்டியது. பத்தடி தள்ளி அமர்ந்து பாட்டுக் கச்சேரி பார்ப்பதற்கு அது போதும். இரண்டடியில் அமர்ந்து தமிழ் எழுத்துகளின் சுழிகளைப் படிப்பதற்குப் போதாது. தொலைக்காட்சிகள் சில, படத்தின் ஓரங்களை வெட்டிக் காட்டும் வழக்கமும் உடையவை. ஆகவே, சகோதரி, வேண்டாம்.

விலைச் சீட்டில் காணும் ஏனைய விளம்பரங்களில் கருதத்தக்கவை சிலவே. பலகையின் வகை ஐ.பி.எஸ். என்றிருந்தால் பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கும் நிறம் மாறாது. ஒரே திரையைச் சுற்றி மூன்று பேர் அமரும் வீடுகளுக்கு அது தகும். வி.ஏ. என்பது கருமையை நன்கு காட்டும். டி.என். என்பது வேகமானது, ஆனால் சற்றுக் கீழிருந்து பார்த்தாலே முகங்கள் கறுத்துவிடும். 'ஒளி வேறுபாடு பத்து இலட்சத்துக்கு ஒன்று' என்பதுபோல் எழுதியிருந்தால், பின்விளக்கை மங்கச் செய்து பெற்ற கணக்கு அது, நல்ல ஐ.பி.எஸ். பலகையின் இயல்பான அளவு ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் இருக்கும். நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும் திரை படிப்புக்குப் போதுமானது. குழாய்த் திரை 60-இல் துடித்துக் கண்ணை வருத்தியது; அதனால்தான் அக்காலத்தில் 85 என வைக்கச் சொன்னோம். தட்டைத் திரைக்கு அவ்வறிவுரை பொருந்தாது.

திரையின் கால் உயரத்தைக் கூட்டிக் குறைக்கத்தக்கதா என்பதைக் கடையிலேயே அசைத்துப் பாருங்கள். ஒலிபெருக்கி உள்ளதா என்றும் கேளுங்கள். பல திரைகளில் அது கிடையாது. வீட்டுக்கு வந்தபின் 'படம் வருகிறது, பேச்சு வரவில்லை' என அலைவதில் பயனில்லை.

இப்போது திண்ணையில் இருக்கும் பையனிடம் திரும்புவோம்.

மறுநாள் காலை, கோபம் சற்று ஆறிய பிறகு, செய்ய வேண்டியதைச் செய்தோம். என் மடிக்கணிப்பொறியைக் கொண்டு வந்து, திரையோடு பெட்டியில் வந்திருந்த கேபிளால் புதிய திரையில் இணைத்தேன். படம் பளிச்சென்று வந்தது. ஆகவே திரையில் குற்றமில்லை. பின்னர் அடுத்த வீட்டாரின் பழைய திரையை ஒரு மணி நேரத்திற்கு இரவல் வாங்கி, தங்கை வீட்டுக் கணிப்பொறியில் இணைத்தோம். அதிலும் படம் வந்தது. ஆகவே பெட்டியிலும் குற்றமில்லை. பையன் எதையும் கெடுக்கவில்லை. எஞ்சியது இடையிலிருந்த அந்தக் கேபிள் ஒன்றே. குப்பைக் கூடையில் கிடந்த அதன் உறையைப் பையனே எடுத்து வந்து, பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததைப் படித்துக் காட்டினான்: 'எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு.'

எங்களுக்கு வேண்டியது அதற்கு நேர்மாறானது. வி.ஜி.ஏ. என்பது 1987-இல் ஐ.பி.எம். நிறுவனம் கொண்டு வந்தது. மூன்று வரிசைகளில் பதினைந்து துளைகள், பெரும்பாலும் நீல நிறம், இருபுறமும் திருகாணி. அதில் செல்வது அலையலையாக ஏறி இறங்கும் மின்குறி. 2002-இல் வெளியான எச்.டி.எம்.ஐ.யில் செல்வதோ எண்களாக மாற்றப்பட்ட குறி. ஒன்றை மற்றொன்றாக்க இடையே ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். ஆங்கிலத்தைத் தமிழாக்கத் தெரிந்தவர் தமிழை ஆங்கிலமாக்கவும் வல்லவராயிருக்கலாம். இச்சிறு கருவி அவ்வாறன்று, ஒரு வழிப் பாதை. புதிய கணிப்பொறியிலிருந்து பழைய திரைக்குக் கொண்டு செல்லும் கேபிளைப் பழைய கணிப்பொறியிலிருந்து புதிய திரைக்கு மாட்டியிருந்தோம். முனைகள் பொருந்தியதே எங்களை ஏமாற்றிவிட்டது.

கடைக்காரர் கேட்டதைக் கொடுத்தார்; 'எதிலிருந்து எதற்கு?' என்று அவர் கேட்டிருக்கலாம். நாமும் சொல்லியிருக்கலாம். நான் பையனிடம், 'நேற்று நான் கேட்ட கேள்வி தவறு, தம்பி' என்றேன். அவன் தந்தை ஒன்றும் பேசவில்லை. சற்று நேரம் கழித்துச் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் புறப்பட்டவர், வாசலில் நின்று திரும்பி, 'நீயும் வா, நீயே பார்த்து வாங்கு' என்று மகனை அழைத்துச் சென்றார். அவர்கள் வாங்கி வந்த மாற்றிக்கு ஒரு சிறு வால் இருந்தது. மொழிபெயர்ப்பு வேலைக்கு மின்சாரம் வேண்டுமாதலால், அவ்வாலை யு.எஸ்.பி. துளையில் செருக வேண்டும். செருகினோம், படம் வந்தது. வி.ஜி.ஏ.யில் ஒலி செல்லாது. ஒலிக்குத் தனிக் கம்பி.

எனவே கடைக்குப் போகுமுன் கணிப்பொறிப் பெட்டியின் பின்புறத்தைக் கைபேசியில் படம் எடுத்துச் செல்லுங்கள். எல்லாத் துளைகளும் தெரிய வேண்டும். நீலத் துளை ஒன்றே இருப்பின், வி.ஜி.ஏ. துளையும் உடைய திரையைக் கேட்டுப் பெறலாம். இன்றும் சில திரைகளில் அது உண்டு. பெரும்பாலும் வெண்ணிறமாயிருக்கும் டி.வி.ஐ. துளை இருந்தால் கவலை குறைவு; அதிலும் எண்வடிவக் குறியே செல்வதால் எளிய கேபிளே எச்.டி.எம்.ஐ.யோடு இணைத்துவிடும். ஒரு மூலை மட்டும் வெட்டியதுபோல் இருப்பது டிஸ்ப்ளே போர்ட். அதிலிருந்து எச்.டி.எம்.ஐ. திரைக்குச் செல்லும் கேபிள் எளிதாகக் கிடைக்கும். அதுவும் ஒருவழிப் பாதைதான். புதிய மடிக்கணிப்பொறிகளில் காணும் நீள்வட்ட யு.எஸ்.பி.-சி துளை எல்லாவற்றிலும் படம் வரும் என நம்ப வேண்டாம்; சில துளைகள் மின்னூட்டத்திற்கும் செய்திப் பரிமாற்றத்திற்கும் மட்டுமே உரியன. கருவியின் குறிப்பேட்டைப் பார்த்து உறுதி செய்க.

மேசைக் கணிப்பொறியில் இன்னொரு பொறியும் உண்டு. சிலவற்றில் திரைக்கான துளைகள் இரண்டு இடங்களில் இருக்கும்: மேலே, யு.எஸ்.பி. துளைகளின் அருகே ஒன்று. கீழே, தனித் தகட்டில் படுக்கை வசத்தில் மற்றொன்று. கீழே உள்ளது தனியே பொருத்திய கிராபிக்ஸ் அட்டையினுடையது. அவ்வட்டை இருக்குமாயின் திரையை அதில்தான் இணைக்க வேண்டும். மேலே செருகிவிட்டுச் 'சிக்னல் இல்லை' எனக் கண்டு, புதுத் திரையைத் திருப்பிக் கொடுக்கச் சென்றவர்களை நான் அறிவேன். திரையில் இரண்டு மூன்று துளைகள் இருந்தால், நீங்கள் செருகிய துளையையே அதன் பொத்தானால் தேர்ந்தெடுத்தீர்களா என்பதையும் பாருங்கள்.

இணைக்கும்போது இரு கருவிகளையும் நிறுத்திவிடுங்கள். திரையைத் தூக்குகையில் சட்டத்தைப் பிடியுங்கள். பலகையின்மீது விரல்களை அழுத்தினால் உள்ளே நொறுங்கும். முதல் நாளே வெண்மை, கருமை, சிவப்பு, பச்சை, நீலம் என ஒவ்வொரு நிறத்தையும் திரை முழுதும் பரப்பி, செத்த புள்ளிகள் உள்ளனவா என ஆராய்க. ஓரிரு புள்ளிகளைக் குறையாகக் கொள்ளாத நிறுவனங்கள் உண்டு. திருப்பிக் கொடுக்கும் கெடு எத்தனை நாள் என்பதைப் பணம் கொடுக்குமுன் கேட்பதே முறை.

தங்கையின் மூக்குக் கண்ணாடி பற்றிச் சொல்வதாகக் கூறினேன் அல்லவா? படம் வந்த மூன்றாம் நாள் அவள், 'அண்ணா, எழுத்தெல்லாம் கலங்கலாகத் தெரிகிறது. கண்ணாடி மாற்ற வேண்டும் போலிருக்கிறது' என்றாள். புகைப்படத்தில் தன் மகள் குண்டாகத் தெரிவதாகவும் சொன்னாள். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. கணிப்பொறி பழைய திரையின் நினைவில் 1024-க்கு 768 புள்ளிகளையே அனுப்பிக்கொண்டிருந்தது. அதனைப் புதிய திரை தன் 1920-க்கு 1080 நிலையான சன்னல்களில் இழுத்துப் பரப்பியது. பொருந்தாத கணக்கால் எழுத்தின் விளிம்புகள் மசங்கின; முகங்கள் மூன்றில் ஒரு பங்கு அகலித்தன. அமைப்புப் பகுதிக்குச் சென்று, பரிந்துரைக்கப்பட்ட அளவு எனக் குறித்திருக்கும் 1920-க்கு 1080-ஐத் தேர்ந்தவுடன் மகள் மெலிந்தாள்; எழுத்து கூர்மையாயிற்று. கண்ணாடிச் செலவு மிஞ்சியது. அதன்பின் எழுத்து சிறிதாகத் தோன்றுமாயின் புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைக்காமல், எழுத்தளவை 125 விழுக்காடாக உயர்த்துங்கள். திரையின் வி.ஜி.ஏ. துளையிலேயே நேராக இணைத்தவர்கள், திரையிலுள்ள 'ஆட்டோ' பொத்தானை ஒரு முறை அழுத்தினால் நடுக்கம் நீங்கும்.

கடையில் பளபளக்கும் ஒளி வீட்டுக்கு ஆகாது. திரையருகே வெள்ளைத் தாள் ஒன்றைப் பிடியுங்கள். திரையின் வெண்மை அத்தாளைப் போலத் தோன்றும் வரை ஒளியைக் குறையுங்கள். சன்னல் முன்னாலோ பின்னாலோ இல்லாமல் பக்கவாட்டில் இருக்கட்டும். திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்திற்கோ சற்றுக் கீழோ அமைவது நன்று; இருபார்வைக் கண்ணாடி அணிவோர் இன்னும் தாழ்த்த வேண்டும், இல்லையேல் தாடையைத் தூக்கிப் பார்த்துக் கழுத்து வலி வரும். திரையை உற்று நோக்கும்போது நாம் இமைப்பது குறைகிறது. கண் உலர்வது அதனால்தான். இருபது நிமிடத்திற்கு ஒரு முறை, இருபது அடி தொலைவில் உள்ள எதையேனும் இருபது நொடி பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள். தெருமுனை வேப்பமரம் போதும்.

2024-இல் அவ்வீட்டுக்குப் புதிய கணிப்பொறி வந்தது. திரை மாறவில்லை, பெட்டியில் வந்த கேபிளாலேயே இணைந்துகொண்டது. கணிப்பொறி மாறினாலும் நல்ல திரை நிலைத்து நிற்கும் என்பதால், விலையில் சற்றுக் கூடச் செலவிட வேண்டுமாயின் திரைக்குச் செலவிடலாம் என்பேன்.

பழைய குழாய்த் திரையைப் பற்றியும் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அதைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள், உடைக்கவும் விடாதீர்கள். அதன் கண்ணாடியில் ஈயம் கலந்துள்ளது. மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். ஆர்வத்தால் திறந்து பார்ப்பது ஆபத்து. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே இவை சேர வேண்டும். என் தங்கை வீட்டுத் திரை ஓராண்டுக்கு மேல் பரணிலேயே கிடந்தது. பின்னர் நகரத்தில் அத்தகைய சேகரிப்பாளர் ஒருவர் இருப்பதைத் தேடிக் கண்டுபிடித்து, தன் நண்பன் ஒருவனோடு ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சேர்த்தது அந்தப் பையன்தான்.